தனியா சொல்லுதேன்

“இந்தக் குப்பையை இன்னும் எதுக்கு வச்சிண்டிருக்கே?”

கேசவ் கேட்ட கேள்விக்கு ஆபீஸில் அந்த வரிசையே திரும்பிப் பார்த்தது. மெதுவாகப் பேசி அவனுக்குப் பழக்கமில்லை. அதிலும் அடுத்தவர் தப்பு கையில் கிடைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

எதிரே நின்ற ஷீஜா பாறசாலைக்காரி. திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் அந்தக் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. வெள்ளிக்கிழமையோடு காண்ட்ராக்ட் முடிகிறது. நீட்டிக்கலாமா வேண்டாமா என்பதற்கு டீம் லீடர் கேசவ் சொல்வதுதான் முடிவு.

பிரச்னை இதுதான். ஓர் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் மெஷினில் புது வெப் சர்வரை பில்ட் செய்து கட்டி எழுப்ப வேண்டும். அது டேட்டாபேஸோடு பேச லைப்ரரி என்கிற துணை ஃபைல் ஒன்று வேண்டும். மெஷினில் அந்த லைப்ரரி பழசு ஒன்று, புதுசு ஒன்று. பில்ட் ஒவ்வொரு தடவையும் பழசைப் போய்ப் பிடித்துக்கொண்டு பாதியில் நின்றது. காலையிலிருந்து இதே கூத்து.

“பழசைத் தூக்கிக் கடாசு. தீர்ந்தது.”

“வேண்டாம் சார். அதை நம்பி ஒரு புரோகிராம் ஓடுது. புதுசு இருக்க எடத்தை பில்டுக்குக் காட்டிக் குடுத்தாப் போதும். சாயங்காலத்துக்குள்ள முடிச்சிருவேன்.”

“எந்தப் புரோகிராம்?”

ஷீஜா சுற்றிலும் பார்த்தாள். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

“தனியா சொல்லுதேன் சார்.”

“அதென்ன ரகசியம்? இங்கேயே சொல்லு.”

அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கேசவுக்கு எரிச்சல் தலைக்கேறியது. நேராக மேனேஜர் பத்மப்ரியாவின் அறைக்குப் போனான்.

“ஷீஜாவை நீட்டிக்க வேண்டாம் மேடம். கேட்டா பதில் கிடையாது. பழசையே கட்டிண்டு அழறா.”

“நீ சொன்னா செரிதான். இப்பவே அவளுக்கு மெயில் போட்டுடறேன்.”

திரும்பி வந்தவன் தன் கையாலேயே பழைய லைப்ரரியை அழித்தான். பில்ட் எங்கும் நிற்காமல் ஓடி முடிந்தது. பின்வரிசையில் யாரோ கைகூடத் தட்டினார்கள்.

“இவ்வளவுதான் விஷயம்” என்று நாற்காலியில் சாய்ந்தான்.

டீ ஆறுவதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து போன். டோக்கன் நம்பர் காட்டும் திரை இருண்டுவிட்டதாம். யார் முதலில் உள்ளே போவது என்று நோயாளிகளுக்குள் சண்டையாம்.

பத்மப்ரியா வெளியே ஓடி வந்தாள். “எந்தப் புரோகிராம் நின்னது? யார் எழுதினது?”

கேசவ் மெஷினில் தேட ஆரம்பித்தான். ஷீஜா அதற்குள் கீபோர்டில் எதையோ தட்டி முடித்திருந்தாள்.

“ஏதோ பழைய புரோகிராம் மேடம். லைப்ரரியைத் திருப்பி வச்சாச்சு. இப்ப ஓடும்.”

ஓடியது. பத்மப்ரியா ஷீஜாவைத்தான் முறைத்தாள். “மெஷினை ஒழுங்கா வச்சிருந்தா இந்த வம்பு வருமா?”

அழித்தது நான்தான் என்று சொல்ல வேண்டிய கேசவ் டீ கப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேடம் போனதும் அவள் திரையை எட்டிப் பார்த்தான். நின்றுபோன அந்தப் புரோகிராம் அதில் திறந்திருந்தது. வரிக்கு வரி விஜயம் ஒன்று, விஜயம் இரண்டு. தன் அம்மா பெயரைப் புரோகிராமுக்குள் வைக்கிறவன் அந்த ஆபீஸில் வேறு யார் இருக்கிறார்கள்? நாலு வருஷத்துக்கு முன்னால் அவன் எழுதியது. முழுவதையும் புது லைப்ரரிக்கு மாற்றியாச்சு என்று மீட்டிங்கில் சொல்லி, பாராட்டும் வாங்கி, பிரமோஷனும் வாங்கினான். பாதிதான் மாற்றியிருந்தான். மீதியை அப்புறம் பார்த்துக்கலாம் என்று விட்டவன் மறந்தே போனான்.

வெட்கத்தில் முகமெல்லாம் எரிந்தது. அவள் பக்கம் குனிந்தான்.

“ஷீஜா... ஏன் சொல்லலை?”

“அத்தனை பேர் முன்னால எப்படி சார் சொல்ல? உங்களுக்குக் கொறச்சிலாயிருமே.”

“நான் மேடம்கிட்ட உன்னைப் பத்தி...”

“மெயில் வந்தாச்சு சார்.”

அவள் குரலைத் தணித்துக்கொண்டாள்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த மீதிப் பாதியையும் மாத்தி வச்சிட்டே போறேன். அப்புறம் நீங்க பழசை அழிச்சிரலாம் சார். யாருக்கும் தெரியாது.”