கால் தெரியாத காட்சி

“அவரையா கூப்பிட்டீங்க? வேற ஆளே கிடைக்கலையா?” டைரக்டரின் குரலில் எரிச்சலைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது.

“நாளைக்குப் படத்தை விழாவுக்கு அனுப்பியாகணும்னு சொன்னது நீங்கதானே மேடம்? ஏற்கெனவே ரெண்டு பேர் வந்து நடந்து காட்டி, ரெண்டையும் வேண்டாம்னுட்டீங்க. காலடிச் சத்தம்னா இந்த ஊர்லயே மாஸ்டர்தான் கில்லாடி.”

சவுண்ட் இன்ஜினியர் அந்த ஸ்டூடியோவில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. வேலையில் சுத்தம். வாய்தான் ஓட்டை.

“அதுக்கில்ல. பழைய காலத்து மனுஷர். இந்தக் கதையை எப்படி எடுத்துப்பாரோ.”

“கதையை எதுக்கு அவர்கிட்ட சொல்லணும்? வந்தாரா, நடந்தாரா, போனாரான்னு இருக்கட்டும்.”

பதினாறு நிமிடக் குறும்படம் அது. ஒரு பெண்ணுக்கு இன்னொரு பெண்ணைப் பிடித்துப்போகிறது. அதைத் தனக்குத்தானே ஒப்புக்கொள்ளவே அவளுக்கு இரண்டு வருடம் ஆகிறது. ஒருநாள் கண்ணாடி முன் நின்று, ‘நான் இப்படித்தான், இதில் தப்பே இல்லை’ என்று தன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுகிறாள். அடுத்து அப்பாவிடம் சொல்ல வேண்டும். அவர் அறை வாசல்வரை போகிறாள். சொல்லாமலே திரும்பிவிடுகிறாள். அந்தக் கடைசிக் காட்சிதான் இப்போது எல்லோர் உயிரையும் எடுத்துக்கொண்டிருந்தது.

“மேடம், தப்பா நினைக்காதீங்க. இது உங்க கதைதானே?”

டைரக்டர் திரையைப் பார்த்தபடியே தலையசைத்தாள். “வீட்ல இன்னும் தெரியாது. கண்ணாடிகிட்ட சொல்லிட்டேன், கேமராகிட்ட சொல்லிட்டேன். எங்கப்பாகிட்ட மட்டும் நாக்கு எழல. அதனாலதான் அந்த நடை பொய்யா இருக்கக் கூடாதுங்கறேன்.”

இன்ஜினியர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. அவனுக்கு அதுவே பெரிய சாதனை.

கதவைத் தள்ளிக்கொண்டு மாஸ்டர் வந்தார். படத்தில் வரும் காலடி, கதவு, பாத்திரம் என்று எல்லாச் சத்தத்தையும் ஸ்டூடியோவில் தனியாகச் செய்து கொடுப்பவர். கனத்த உடம்பு, நரைத்த மீசை, தோளில் ஒரு பை நிறையப் பழைய செருப்புகளும் ஷூக்களும்.

“மாஸ்டர், இவங்கதான் டைரக்டர்.”

அவள் எழுந்து நின்றாள். மாஸ்டர் அவளை ஒரு கணம் பார்த்தார்.

“நல்லது. படத்தைப் போடுங்க.”

திரையில் அந்தப் பெண்ணின் முகம் மட்டும் நாற்பது விநாடி ஓடியது. கால் தெரியவே இல்லை.

“வெறும் முகத்தைக் காட்டி நடக்கச் சொன்னா எப்படிப்பா? எதுக்குப் போறா, எதுக்குத் திரும்பறா?”

டைரக்டர் குனிந்து ஸ்கிரிப்ட் தாளைப் புரட்டினாள். இன்ஜினியர் முந்திக்கொண்டான்.

“அவளுக்கு இன்னொரு பொண்ணு மேல காதல் மாஸ்டர். அப்பா ரூமுக்குப் போய்ச் சொல்லப் பார்க்கறா. பயந்து திரும்பிடறா.”

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். டைரக்டரின் கை நாற்காலி விளிம்பை இறுகப் பற்றியது. மாஸ்டர், படம் நின்றுபோயிருந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்றே அவள் நினைத்தாள்.

அவர் குனிந்து தன் செருப்பைக் கழற்றினார்.

“பை வேண்டாம். இவ வெறுங்கால்லதான் போவா.”

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், மைக்குக்கு அருகே போய் நின்றார். படத்தைக்கூடப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டார்.

ஐந்து அடி இயல்பாக வந்தன. ஆறாவது தயங்கியது. ஏழாவதை வைக்கலாமா வேண்டாமா என்று குதிகால் இழுத்தது. பிறகு, ஒரு பாதம் இன்னொரு பாதத்தின் மேல் ஏறித் தேய்க்கும் மெல்லிய சத்தம். மாஸ்டர் அங்கிருந்த மரக்கதவில் உள்ளங்கையைப் பதித்தார். தட்டவில்லை. கை மெதுவாக வழுக்கி இறங்கியது. திரும்பும்போது எல்லாம் நுனிக்கால். கடைசி இரண்டு அடி மட்டும் ஓட்டம்.

இன்ஜினியருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நடந்தவர் தொண்ணூறு கிலோ மனிதர். ஹெட்போனில் நடந்தது இருபது வயதுப் பெண். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றதுகூட அவனுக்குக் கேட்டது. மனிதக் காலுக்கு இப்படிப் பேசத் தெரியும் என்று அவன் அன்றுவரை நினைத்ததில்லை.

டைரக்டரின் கன்னம் நனைந்திருந்தது. “கதவுல கை வெச்சது ஸ்கிரிப்ட்லயே இல்ல,” என்று முணுமுணுத்தாள். “அதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல.”

மாஸ்டர் வெளியே வந்தார். இன்ஜினியர் எழுந்து ஓடினான்.

“மாஸ்டர், கையைக் குடுங்க! எந்தப் படத்துல பிடிச்சீங்க இந்த நடையை?”

“படத்துல இல்லப்பா, வீட்ல. ஞாயித்துக்கிழமை மத்தியானம் கொஞ்சம் படுப்பேன். கதவுக்கு வெளியே இந்தக் காலடி வந்து நிக்கும். தூங்கற மாதிரி கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டுட்டே இருப்பேன். என்னத்தைச் சொல்ல வந்து சொல்லாம போகுதோன்னு ராத்திரியெல்லாம் முழிச்சுக் கிடப்பேன். எழுந்து திறக்க எனக்கும் தைரியம் வரல.”

அவர் டைரக்டரின் தலையில் கைவைத்தார்.

“இதைச் சொல்லவா கண்ணு, எட்டு வாரமா அப்பாவைத் தூங்கவிடாம பண்ணே?”