திரைக்கு அந்தப் பக்கம்

பொத்தானை அழுத்தியதும் இருக்கை மெல்லச் சாய்ந்தது. இன்னொரு முறை அழுத்தினாள். கால்கள் உயர்ந்தன. விடாமல் அழுத்திப் பிடித்தபோது அது படுக்கையாகவே ஆகிவிட்டது.

நிமிர்த்தினாள். மறுபடி சாய்த்தாள்.

சின்ன விமானம். முன்பக்கம் எட்டே இருக்கைகள். மற்றவர்கள் எல்லோரும் விளக்கை அணைத்துப் போர்வைக்குள் போய்விட்டார்கள்.

ஐம்பது வயதுக்கு மேல் முதல் விமானம். அதிலும் பிசினஸ் கிளாஸ்.

சூடான துண்டைக் கையில் கொடுத்தபோது எதற்கென்று தெரியவில்லை. பக்கத்துக்காரர் முகம் துடைப்பதைப் பார்த்துத் தானும் துடைத்துக்கொண்டாள். தலைக்கு மேலிருந்த விளக்கின் கழுத்தை எல்லாத் திசையிலும் வளைத்துப் பார்த்தாள்.

டிக்கெட் எடுத்தது அண்ணன். அவர் திரைக்குப் பின்னால், சாதாரண வகுப்பில் இருந்தார்.

அடுத்த வாரம் கோலாலம்பூரில், அவளுடைய சிறுநீரகம் ஒன்றை எடுத்து அவருக்கு வைக்கப்போகிறார்கள்.

ஜெரால்டை அவள் கல்யாணம் செய்துகொண்ட நாளோடு அண்ணன் பேச்சை நிறுத்தியவர். ஜெரால்டு இறந்தபோதும் வரவில்லை. பிறகு ஒருநாள், வீங்கிய முகத்தோடு திருச்சி வீட்டு வாசலில் வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னார். சரி என்றாள்.

பழைய பேச்சை அவரும் எடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

இப்போது ஒன்று மட்டும் அவளைக் குடைந்தது. நோயாளி அங்கே. படுக்கை இங்கே.

இது எனக்கா? இல்லை, எனக்குள் இருக்கிற அதற்கா?

எழுந்தாள். திரையை விலக்கினாள்.

அந்தப் பக்கம் காற்றே வேறு மாதிரி இருந்தது. வாய் பிளந்து தூங்கும் முகங்கள். யாரோ ஒருவரின் தோளில் முன்பின் தெரியாத இன்னொருவர்.

கடைசி வரிசைக்கு முன்னால் அண்ணன் நேராக உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றியிருந்தார். பாதங்கள் மாவு பிசைந்து வைத்தது போல் உப்பியிருந்தன.

பக்கத்து இருக்கை காலி. உட்கார்ந்தாள்.

“தூங்கலயாண்ணே?”

“படுத்தா மூச்சு முட்டுது. உக்காந்தேதான் தூங்குறேன், ஆறு மாசமா.”

“அப்ப எனக்கு எதுக்கு அந்த சீட்டு?”

“சின்ன வயசுல நீ ரேடியோவக் கழட்டி உள்ள யார் பேசுறாங்கன்னு தேடுனவ. முன்னாடி உக்கார வச்சா ராத்திரி பூரா எதையாவது நோண்டிட்டு இருப்பேன்னு நெனச்சேன்.”

அவள் விரல் கைப்பிடியிலிருந்த பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தது.

“நோண்டுனியா?”

“ம்.”

அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. பிறகு அது நின்றுவிட்டது. முன்னிருக்கையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விமானம் ஒருமுறை குலுங்கி அடங்கியது.

“அந்த ஜெரால்டு,” என்றார். “எப்படிப்பட்ட மனுஷன்?”

இத்தனை வருடத்தில் அண்ணன் வாயிலிருந்து அந்தப் பெயரை அவள் கேட்டதேயில்லை.

“ரொம்பப் பேசுவாரு,” என்றாள்.

அண்ணன் இருவருக்கும் நடுவிலிருந்த கைப்பிடியை மேலே தூக்கிவிட்டு, அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.