மனைவிக்குக் கிடையாது

பக்கவாதம் வந்த நார்பர்ட்டுக்கு முழுநேரமும் ஆள் வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். அமெரிக்காவில், மில்வாக்கி நகர வீட்டின் சமையலறை மேசையில், அவருடைய சக்கர நாற்காலிக்கு எதிரே, மகன் ரஸ்ஸல் காகிதங்களைப் பரப்பியிருந்தான்.

“நான்தானே இவரைப் பார்த்துக்கறேன்? வரி இல்லாம இவர் சேர்த்து வெச்ச மருத்துவச் சேமிப்புக் கணக்கிலேருந்து எனக்குச் சம்பளம் போடு,” என்றாள் அம்மா டொலோரஸ். “இல்லேன்னா திங்கட்கிழமை நான் மறுபடி கடைக் கல்லாவுல நிக்கணும். உங்கப்பா முதியோர் இல்லத்துக்குப் போகணும்.”

“முடியாதும்மா. வெளியாளுக்குக் கொடுக்கலாம். நர்ஸ் லைசென்ஸ் இல்லாத மனைவிக்குக் கொடுத்தா, வரிக்காரன் கழுத்தைப் பிடிப்பான்.”

“மனைவிக்குத்தானே கூடாது?”

“ஆமா. நீ அவருக்கு வேற யாரு?”

“மனைவி இல்லடா.”

ரஸ்ஸலின் பேனா கீழே விழுந்தது. நாளை விருந்தில் கட்ட அவன் அச்சடித்து வந்த ‘நாற்பதாவது திருமண நாள்’ பேனர் இன்னும் காரில்தான் இருந்தது.

“என்னம்மா சொல்றே?”

“கட்டிக்கலாமான்னு கேட்டாரு. ஒரு வருஷம் சேர்ந்து இருந்து பார்ப்போம், ஒத்துவரலேன்னா பெட்டியைத் தூக்கிடுவேன்னு சொன்னேன். நடுவுல நீ பிறந்துட்டே. கேட்டவங்களுக்கு வாய்க்கு வந்த ஒரு தேதியைச் சொல்லி வெச்சோம்.”

ரஸ்ஸல் அப்பாவைப் பார்த்தான். நார்பர்ட் கோணிய வாயைச் சிரமப்பட்டுத் திறந்தார்.

“டோலி... இப்பவாவது... கட்டிக்கலாமா?”

“சும்மா இருய்யா! சம்பளம் போயிடும்.”