பாதி ஊறிய ரசவடை

சுடலைக்கண்ணு தன்னை ஏமாற்றிவிட்டான் என்பதற்கு அந்த ஒரு வரியே போதும் என்று வேலப்பனுக்குத் தோன்றியது. மகன் அனூப் நீட்டிய போனில் வேறு ஏதோ கடையின் மெனு. அதில் ரசவடைக்குக் கீழே மூன்று ஆப்ஷன்: ஊறியது, ஊறாதது, பாதி ஊறியது.

பாதி ஊறிய ரசவடை என்று உலகத்தில் எவன் கேட்பான்? தம்பானூரில் வேலப்பன் கடைக்கு வருகிறவர்கள் மட்டும்தான் கேட்பார்கள். மேலே மொறுமொறுப்பும் உள்ளே ரசமுமாக அதை எடுக்கிற பக்குவம் மாஸ்டர் சுடலைக்கண்ணுவின் கைக்குத்தான் உண்டு.

ஆன்லைனில் ஆர்டர் எடுக்கத் தொடங்கியபோது, ஒவ்வொரு பலகாரத்துக்கும் கீழே ஆப்ஷன் போட வேண்டும் என்றான் அனூப். அவரவர் இஷ்டப்படி தேர்ந்தெடுத்துக் கொள்வார்களாம். தோசைக்கு நல்லெண்ணெயா தேங்காயெண்ணெயா, மிளகாய்ப்பொடியில் எள்ளு வேண்டுமா வேண்டாமா என்று சுடலைக்கண்ணு அடுப்படியிலிருந்து சொல்லச் சொல்ல, அனூப் டேப்லெட்டில் ஏற்றினான். 'பாதி ஊறியது' வந்தபோது வேலப்பன் வயிறு குலுங்கச் சிரித்தார். கடைசியில் அதற்குத்தான் ஆர்டர் குவிந்தது.

இப்போது அதே ஆப்ஷன்கள், அதே வரிசையில், 'அம்மிக்கல் டிபன்' என்ற பெயரில். விலாசத்தில் தம்பானூர் என்று மட்டும் இருந்தது. அங்கே சந்துக்கா பஞ்சம்?

ஒரு மாதமாகவே ஆன்லைன் ஆர்டர் பாதியாகப் படுத்துவிட்டது. ஆனால் உளுந்து மட்டும் வழக்கம்போலத் தீர்ந்துகொண்டே இருந்தது. மாவை அள்ளி அங்கே கொண்டுபோய்க் கொடுக்கிறான் பாவி என்று வேலப்பன் முடிவு கட்டினார்.

தள்ளுவண்டியில் இட்லி விற்ற காலத்தில் கூடவே வண்டி தள்ளியவர் சுடலைக்கண்ணு. கூடப் பிறந்தவனைப்போலத்தான் வேலப்பன் வைத்திருந்தார். அனூப் கடையில் எதை மாற்ற வேண்டும் என்று கேட்டாலும், சுடலைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ என்பார். அனூப்பின் முகம் சுருங்கும். அப்படித் தலையில் தூக்கி வைத்தவன் இப்படிச் செய்துவிட்டானே என்று நினைக்க நினைக்க அவருக்கு நெஞ்சு ஆறவில்லை.

காலைக் கூட்டம் ஓய்ந்ததும் சுடலைக்கண்ணுவை வெளியே கூப்பிட்டார். போனை முகத்துக்கு நேரே காட்டி, எவனிடம் விலைபோனாய் என்று கேட்டார். திருடன், நன்றிகெட்டவன் என்று வாயில் வந்ததெல்லாம் சொன்னார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி. அடுப்ப விட்டு நான் எங்க போனேன்? வேணும்னா அனூப்புட்ட கேளுங்க."

வேலப்பன் மகனைப் பார்த்தார். அனூப் டேப்லெட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் உதட்டைப் பிதுக்கினான்.

அதோடு முடிந்தது. இனிமேல் கடைவாசல் மிதிக்கக் கூடாது என்று வேலப்பன் சொல்லிவிட்டார். சுடலைக்கண்ணு காலையில் சுட்ட வடைகளை ஒரு தட்டுப் போட்டு மூடினார், சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

அப்போதும் வேலப்பனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. நேரே அந்தக் கடைக்குத்தான் போயிருப்பான், கையும் களவுமாகப் பிடித்து நாலு கேள்வி கேட்காமல் விடக்கூடாது. மத்தியானம் தன் போனிலேயே அம்மிக்கல் டிபனுக்கு ஒரு ஆர்டர் போட்டார், பாதி ஊறிய ரசவடை. கொண்டுவருகிறவனிடம் கடை எங்கே இருக்கிறதென்று கேட்டுக்கொள்ளலாம்.

கொஞ்ச நேரத்தில் ஷிபு வந்தான். தினமும் இங்கே பார்சல் எடுக்க வருகிற டெலிவரிக்காரன். கல்லாவைத் தாண்டி, அனூப் பார்சல் கட்டும் பின்கட்டுக்குப் போனான். ஒரு பொட்டலத்தோடு திரும்பி வந்து, அதை வேலப்பன் முன்னால் வைத்துவிட்டுச் சிரித்தான்.

"இது நல்ல கூத்தல்லோ அண்ணாச்சி. எடுக்கதும் இங்கதன்னே, கொடுக்கதும் இங்கதன்னே."

வேலப்பனுக்கு விளங்கவில்லை. நான் ஆர்டர் போட்டது வேறு கடைக்கல்லவா என்றார். ஒரே அடுப்படியை ஆப்பில் இரண்டு பெயரில் போடுவது இப்போது பல இடத்தில் உள்ளதுதான், இரண்டுக்கும் பார்சல் கட்டித் தருவது அனூப்தான், இது உங்களுக்குத் தெரியாதா என்று ஷிபு ஆச்சரியப்பட்டான். அடுத்த ஆர்டர் காத்திருக்கிறதென்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வேலப்பன் பொட்டலத்தைப் பிரித்தார். சுடலைக்கண்ணு மூடி வைத்துவிட்டுப் போன வடைதான். எதையும் மறைக்காமல் உழைத்தவனை நாலு பேர் முன்னால் திருடன் என்று சொல்லித் துரத்தியாயிற்று.

எழுந்து பின்கட்டுக்குப் போனார். அனூப் அடுத்த பார்சலுக்கு ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டிருந்தான்.

"ரெண்டும் நம்ம கடதான்னு தெரிஞ்சும், காலைல அவன் போறத வாயத் தொறக்காமப் பாத்துக்கிட்டு நின்னியாலே?"

அனூப் கட்டிய பொட்டலத்தை ஓரமாக வைத்தான்.

"சுடலை மாமா போகணும்னுதாம்ப்பா அந்தக் கடையவே போட்டேன்."