அண்ணனின் நிழல்

பனி கொட்டி ஓய்ந்த காலை. நேற்று மாலையிலிருந்து தெருவில் மின்சாரம் இல்லை. அம்மா படுத்திருக்கும் அறையில் ஆக்சிஜன் மெஷின் மட்டும் ஒரே தாளத்தில் உறுமிக்கொண்டிருக்கிறது. மாடிப்படிக்குக் கீழே இன்வெர்ட்டர் பெட்டியின் முன் மகள் குந்தியிருக்கிறாள். பேட்டரியில் பதினொரு சதவீதம்தான் மிச்சம். ஜன்னலுக்கு வெளியே, தாழ்ந்த கூரைமேல் இருக்கும் சோலார் பலகைகளை அண்ணன் ஏணியில் நின்று துடைக்கிறான். போன வருஷம் அவள் அவற்றை மாட்டியபோது, "குளிர்காலத்துல துணி காயப்போடக்கூட ஆகாது" என்று சிரித்தவன் அவன்தான். கடைசிப் பலகையின் பனி தானாகவே சறுக்கி, தொப்பென்று தரையில் விழுகிறது. கறுத்த கண்ணாடி குளித்து வந்த பிள்ளைபோல் பளபளக்கிறது. மேகம் விலகி, சூடே இல்லாத வெயில் சாய்வாக அதன்மேல் படிகிறது. கோடை வெக்கையில் சோர்ந்துபோகிற பலகைகள் இந்தக் குளிரில் சிலிர்த்து எழுகின்றன. பெட்டியில் வாட் எண்கள் ஏறுகின்றன: முந்நூறு, எழுநூறு, ஆயிரத்து இருநூறு. அவள் வாயைப் பொத்திக்கொள்கிறாள். சட்டென்று எண் பாதியாகக் குறைகிறது. ஜன்னலுக்கு ஓடி எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, உன் நிழல்தான் விழுது! இறங்கு!" என்று கத்துகிறாள். அவன் குனிந்து பலகையில் நீண்டு கிடக்கும் தன் நிழலைப் பார்க்கிறான். உடனே இறங்குகிறான். ஏணியையும் எடுத்துவிடுகிறான். பெரிய மனிதருக்கு வழிவிடுவதுபோல் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி சுவரோரமாக ஒதுங்கி நிற்கிறான். "இப்போ சரியா?" என்று மெதுவாகக் கேட்கிறான். தங்கை ஜன்னலில்தான் நிற்கிறாள். அவன் கேட்பதோ பலகையைப் பார்த்து.