பத்துக்கு மூன்று

“பத்துக்கு மூணா? பெயிலான பையனையா பாத்திருக்கீங்க?”

மகளைப் பெண் கேட்டிருந்த, தன்லியின் என்ற ஊரைச் சேர்ந்த ஜாபிரின் பேஸ்பால் ஆட்டக் கணக்கைப் போனில் படித்த ஹாஜரா, கணவர் கமாலிடம் சீறினாள்.

“பேஸ்பால்ல பத்து தடவை மட்டை பிடிச்சு மூணு தடவை அடிச்சாலே பெரிய ஆட்டக்காரரு உம்மா,” என்று பதறினாள் மகள் சமீனா.

“பயிற்சி ஆட்டத்துல ஒரே ஆளோட பந்துக்கு ஒம்பது தடவையும் அவுட்டாமே! அந்தப் பந்து எறிஞ்சவன்தான் கெட்டிக்காரன். அவனையே பேசுங்க.”

“அது முடியாது உம்மா.”

“ஏன், கல்யாணம் ஆயிருச்சா?”

“இனிமேதான் ஆகணும். எறிஞ்சது நான்தான்.”

“அடியே! தையல் வகுப்புக்குன்னு சொல்லிட்டுல்ல போனே?”

கமால் வாய்விட்டுச் சிரித்தார்.

“ஒம்பது தடவை தோத்தும் இவளையே கேட்டு வந்திருக்கான். இந்தப் பையனை விட்டுராதே ஹாஜரா!”