பொங்கல் முடிந்தும் கிறிஸ்துமஸ்

பொங்கல் முடிந்து கரும்புச் சக்கைகூடக் குப்பை வண்டியில் போய்ச் சேர்ந்துவிட்டது. பக்கத்துப் போர்ஷன் மேரி வீட்டில் மட்டும் இன்னும் கிறிஸ்துமஸ் முடியவில்லை.

மதியம் சாப்பிட்டுவிட்டு சுபலட்சுமி கண்ணசரும் நேரமாகப் பார்த்து அங்கே கிறிஸ்துமஸ் பாட்டு ஆல்பம் ஆரம்பிக்கும். முதலில் வெள்ளைக்காரர்களின் பழைய ஆர்கன் இசை, இடி மாதிரி. அப்புறம் கூட்டமாகச் சேர்ந்து பாடும் கிறிஸ்து பிறப்புப் பாட்டு. நடுநடுவே பாட்டில்லாமல் வயலினும் புல்லாங்குழலும் மட்டும் வரும். கேட்க இதமாக இருப்பதே அதுதான். ஆனால் அது தொடங்கியதுமே மேரி தள்ளிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவாள். மறுபடியும் கோரஸ், மறுபடியும் ஆர்கன்.

ஆனையூரில் ஒரே வீட்டை இரண்டாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். நடுவில் ஒற்றைச் சுவர்தான்.

மேரியின் புருஷன் சவரிராஜ் பரவையில் ஒரு பேக்கரியில் மாஸ்டராக இருந்தவர். பண்டிகை அவசரத்தில் எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்து இரண்டு காலிலும் கொட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் கிடந்து, இப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார். அவர் வந்த அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தப் பாட்டு.

எதிர்வீட்டு முனியாயி தண்ணீர் பிடிக்கிற இடத்தில் வைத்தே சொன்னாள். "புருஷன் படுத்த படுக்கையா கெடக்கான். இவளுக்குப் பாட்டு கேக்குது பாரு."

சுபலட்சுமிக்கும் அதே எரிச்சல்தான். கூடவே மகளைப் பற்றிய கவலை வேறு. பவதாரிணி பிரசவத்துக்கு வந்திருந்தாள். முதல் பிள்ளை தங்கவில்லை. இந்தத் தடவை நல்லபடியாகப் பிறக்க வேண்டுமே என்று வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. பவதாரிணி என்னவோ, பாட்டுத்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் சொன்னாள். அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

ஒருநாள் போய்க் கதவைத் தட்டிவிட்டாள். மேரி பாதிக் கதவைத்தான் திறந்தாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

வயிற்றுப் பிள்ளைக்காரி மதியம் கொஞ்சம் தூங்க வேண்டாமா, பக்கத்தில் மனுஷர் இருப்பதே தெரியாதா என்று சுபலட்சுமி கேட்டாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை.

"அவரு இந்த நெலமையில கெடக்கையில, உனக்கு எப்பிடித்தான் பாட்டுக் கேக்க மனசு வருதோ."

மேரி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பின்னால் திரும்பி உள்ளே ஒரு பார்வை பார்த்தாள்.

"சரிக்கா. இனிமே போடல."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். மறுநாள் மதியம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பவதாரிணி ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிப்போனாள். நாம் கேட்டது சரிதான் என்று நினைத்துக்கொண்டு சுபலட்சுமியும் தலையைச் சாய்த்தாள்.

அப்போதுதான் அது கேட்டது. கழுத்தை நெரித்த மாதிரி ஓர் அடித்தொண்டை முனகல். நின்றது. திரும்ப வந்தது. மாடா, மனுஷனா என்று பிரிக்க முடியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது மட்டும் தெரிந்தது.

சுபலட்சுமி ஓடினாள். தள்ளியதும் கதவு திறந்துகொண்டது.

கட்டிலில் சவரிராஜ். காலில் பழைய கட்டுத் துணி தோலோடு ஒட்டிப்போயிருந்தது. மேரி அதைத் தண்ணீர் விட்டு விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவர் வாயில் ஒரு துண்டைச் சுருட்டித் திணித்துப் பல்லால் கடித்திருந்தார். கண்ணிலிருந்து நீர் தன்பாட்டுக்கு வழிந்தது.

வாசலில் ஆள் நிற்பதைப் பார்த்ததும் துண்டை எடுத்தார். மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்.

"வெளிய கேட்ருச்சாக்கா? பவதாரிணி பயந்துருச்சா?"

சுபலட்சுமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேரியைப் பார்த்தாள்.

மேரி தலை நிமிராமல், கட்டைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்.

"தெனமும் கட்டுப் பிரிக்கையில தாங்க மாட்டாம கத்திருவாருக்கா. புள்ளத்தாச்சிப் பிள்ள காதுல அது விழுந்துரக் கூடாதுன்னு, இவருதான் பாட்டச் சத்தமா வைக்கச் சொல்லுவாரு."